ஏழாம் மாதத்துப் பிடியரிசி

இருளாயி உலை வைக்கிற ஒவ்வொரு வேளையும், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கும் பானையில் போட்டுவிடுவாள். ஸ்ரீரங்கத்துப் பூக்கடைக்கு முழக்கணக்கில் பூக்கட்டிக் கொடுக்கிறவளுக்கும், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அவள் புருஷன் அழகர்சாமிக்கும் வேறு எந்த வழியிலும் எதுவும் மிஞ்சியதில்லை. மகள் ரங்கநாயகியின் கல்யாணச் சாப்பாட்டில் பாதி இப்படிச் சேர்ந்ததுதான். கடன் கேட்டு யார் வாசலிலும் போய் நின்றதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்தத் தடவை பானை நிறைவது மகளின் தலைப்பிரசவத்துக்காக. மண்ணச்சநல்லூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் ரங்கநாயகியை ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ அழைத்து வரவேண்டும். அஞ்சு வகைச் சோறு கட்டிக்கொண்டு போய், சம்பந்தி வீட்டாருக்குப் பரிமாறி, வளையல் போட்டு அழைப்பதுதான் முறை. சும்மா போய் நின்றால் சம்பந்தியம்மாள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அவள் வாய் அப்படி.

அது அறுபத்தஞ்சாம் வருஷம். கடையில் அரிசி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஐந்து விரலால் அள்ளிய பிடி மூன்று விரலுக்குச் சுருங்கிவிட்டது. மகளுக்கு ஏழாம் மாதம் பிறந்தபோது இருளாயி பானைக்குள் கையை விட்டு அடியைத் தொட்டுப் பார்த்தாள். அரிசி மணிக்கட்டுவரைதான் வந்தது. முழங்கைவரை இருந்தால்தான் ஆகும்.

அந்த வாரம் தவிட்டு வண்டி ஓட்டும் ஜமால் மண்ணச்சநல்லூரிலிருந்து சேதி கொண்டுவந்தான். ரங்கநாயகி இன்னமும் ரைஸ் மில் களத்தில் வெயிலில் நின்று நெல் துழாவுகிறாளாம். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறதாம்.

“இந்த மாசமே வந்து கூட்டிட்டுப் போகச் சொன்னிச்சுக்கா. சோறெல்லாம் ஒண்ணும் வேணாமாம்.”

“ஒம்பதாம் மாசம் வர்றேன்னு சொல்லுங்க தம்பி. வெறுங்கையோட எப்படி வர்றது?”

யாரிடமாவது நாலு படி கைமாத்தாக வாங்கலாமே என்று அழகர்சாமி சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் சோற்றைக் குறைத்துக்கொண்டு பிடியை மறுபடி ஐந்து விரலுக்குக் கொண்டுவந்தாள். இரண்டே மாதம்தானே என்று நினைத்தாள். வயிறு காய்ந்தாலும் அந்த நினைப்பில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எட்டாம் மாதம் பாதியில் ஜமால் மறுபடி வந்தான். வாசலைத் தாண்டி வரவில்லை. களத்திலேயே வலி கண்டுவிட்டது என்றான். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்ததாம். ஆண்பிள்ளை. தாய்க்கு ஆபத்தில்லையாம்.

இருளாயிக்கு அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பாதியில் நின்ற முழத்தைக் கட்டி முடித்துக் கொடுத்துவிட்டு, அழகர்சாமியோடு பஸ் ஏறினாள்.

கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. சம்பந்தி வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாய்க்காரிதான் ரங்கநாயகியின் துணிமணியை மூட்டை கட்டி, பஸ்வரை வந்து ஏற்றிவிட்டாள். வெறுங்கையோடு போய் மகளைக் கூட்டி வருவது இவ்வளவு சுலபமா என்று இருளாயிக்குத் தோன்றியது. பஸ் கொள்ளிடம் பாலத்தில் போனது. ஆற்றில் தண்ணீர் ஓடியதா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

பால் வற்றுவதற்காக மகளின் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினாள். பூக்கடைக்காரர் அந்தப் பூவுக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

பதினைந்து நாள் கழித்து ரங்கநாயகி எழுந்து அடுப்படிக்கு வந்தாள். உலைக்கு அரிசி அளந்தாள். சின்ன வயதுப் பழக்கம், ஒரு பிடி அள்ளி மூலையில் இருந்த பானையில் போட்டாள்.

“அதுல போடாத. எல்லாத்தையும் உலையிலயே போடு” என்றாள் இருளாயி.

ரங்கநாயகி பானைக்குள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஜமால் அண்ணன் மொதல்ல வந்தன்னிக்கு இதுல எவ்வளவும்மா இருந்துச்சு?”

அவள் குரலில் கோபம் இல்லை. இருளாயி வலது கையை நீட்டி, இடது கை விரலை மணிக்கட்டில் வைத்துக் காட்டினாள்.

“எனக்கு அது போதுமேம்மா” என்றாள் மகள். பானையில் போட்ட பிடியைத் திரும்ப அள்ளி உலையில் போட்டாள்.