படியின் பதினேழாவது பொருள்

அந்த அகராதி அலுவலகத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. எந்த எழுத்தைப் பார்க்கிறார்களோ அதுவே பெயர். ப வரிசையைப் பார்க்கிற அம்மாள் பகரம். எதிர்மேசையில் ம வரிசையைப் பார்க்கிறவர் மகரம். பகரத்தின் மகளை மகரத்தின் மகன் கட்டிக்கொண்டபோது, "ம்-முக்குப் பின்னால ப வர்றது இலக்கணத்துலயே இருக்கே" என்றார் தலைமைப் பதிப்பாசிரியர். நான்கு வருடமாகியும் புதிதாக வருகிறவர்களிடம் அந்த ஜோக்கைச் சொல்ல அவர் மறப்பதில்லை.

இரண்டாம் பதிப்புக்கான திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பகரம் 'படி' என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தார். முதல் பதிப்பில் ப வரிசையையும் மகரம்தான் பார்த்திருந்தார்; அது இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தின கதை. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு மரப்பெட்டி நிறையச் சான்றுச் சீட்டுகள் இருந்தன. ஏறுகிற படி, அளக்கிற படி, ஒரு பத்திரத்தின் படி, வெளியூர் போனால் தருகிற படி. தூசு படிவதும், புத்தகம் படிப்பதும், ஆற்றில் படிந்து குளிப்பதும் அதற்குள்ளேயே வந்தன. அப்படி, இப்படி என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, அதன் வாலிலும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய பாட்டுகளில் இந்த உலகத்துக்கே படி என்று ஒரு பெயர் உண்டு. எல்லாமே 'படு' என்ற ஒரு வேரிலிருந்து வந்தவை, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அமர்வதுதான் ஆதிப்பொருள் என்பது அலுவலகத்தில் ஒரு கட்சி. அளக்கிற படிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது இன்னொரு கட்சி. இந்தச் சண்டையில் இரண்டு தலைமைப் பதிப்பாசிரியர்கள் ஓய்வு பெற்றே போய்விட்டார்கள்.

பகரத்துக்கு இந்தச் சொல்லின்மேல் தனிப் பிரியம். ஒவ்வொரு பொருளாகச் சரிபார்த்துப் பதினேழாவதற்கு வந்தார். 'படி: ஒருவரை இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் காலடி ஓசை. பேச்சு வழக்கு.' நல்ல பொருள்தான் என்று நினைத்தார். பேச்சு வழக்குக்கு இரண்டு சாட்சியாவது வேண்டும் என்பது விதி. இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்றில் 'ஒரு இல்லத்தரசி' என்றும் மற்றதில் 'ஒரு மீனவர்' என்றும் மகரத்தின் கையெழுத்தில் எழுதியிருந்தது. தேதிகளுக்கு நடுவே இரண்டு வருட இடைவெளி.

சீட்டுகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் அந்தத் தேநீர்க் கறை கண்ணில் பட்டது. பாதி வட்டம் ஒரு சீட்டிலும் மீதி வட்டம் மற்றதிலும் இருந்தது. ஓரங்களைச் சேர்த்தார். ஒரே தாளைக் கிழித்துச் செய்த சீட்டுகள் அவை. கறை பட்ட பிறகு கிழித்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த இரண்டு வருட இடைவெளி பொய்.

எதிரே மகரம் பூதக்கண்ணாடியோடு ஏதோ ஒரு சொல்லில் மூழ்கியிருந்தார். பகரம் சீட்டுகளை ஓர் உறைக்குள் போட்டு மூடினார்.

மதியம் சாப்பாட்டு அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து உறையை அவர் முன்னால் வைத்தார்.

"சம்பந்தி, இந்த மீனவர் யாரு?"

மகரம் உறையைத் திறந்து பார்த்தார். சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தார். பொய் சொல்லப் போகிறார் என்று பகரம் நினைத்தார். அவர் சொல்லவில்லை.

"அப்படி ஒருத்தர் கிடையாது."

"இல்லத்தரசி?"

"அது எங்க வீட்ல. அவளுக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆகி மூணு மாசம் ரெண்டு கண்ணுலயும் கட்டு இருந்துச்சு. யார் வந்தாலும் நடையிலயே கண்டுபிடிச்சுடுவா. ஒருநாள் நான் உள்ள நுழையறேன், 'இது உங்க படி, எனக்குத் தெரியாதா'ன்னா. அன்னைக்கே நோட்டுல குறிச்சுக்கிட்டேன். இன்னொரு சாட்சிக்கு எங்கெங்கேயோ விசாரிச்சேன். கிடைக்கல. அச்சுக்குப் போற நாள் வந்துடுச்சு. அன்னைக்குத்தான் ரெண்டு சீட்டையும் எழுதினேன்."

"அதனால ஒரு மீனவரைப் பெத்துட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. "எடுத்துடுங்க சம்பந்தியம்மா" என்றார்.

"எடுத்தா காரணம் எழுதணுமே."

ஓய்வு வயது தாண்டிய மகரத்தின் வேலை இப்போது வருடத்துக்கு வருடம் நீட்டிப்பில்தான் ஓடுகிறது என்பது இருவருக்கும் தெரியும். சும்மா விட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்தப் பதினேழாவது பொருளை ஒரு பள்ளிப் பாடப்புத்தகம் எடுத்துப் போட்டிருந்தது. ஒரு குறுக்கெழுத்துப் போட்டியில்கூட வந்துவிட்டது. இல்லாத மீனவர் ஊரெல்லாம் நடந்துகொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகரம் மகளைப் பார்க்கிற சாக்கில் சம்பந்தி வீட்டுக்குப் போனார். மகளும் மருமகனும் கடைக்குப் போயிருந்தார்கள். மகரம் குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சோபாவில் உட்கார்ந்து, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி. என்ன, முகம் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு? உங்க மக ஏதாவது சொன்னாளா, இல்ல என் மவனா?"

"ரெண்டு பேரும் இல்லக்கா. ஒண்ணு கேக்கணும். கண்ணுல கட்டு இருந்தப்போ, காலடிச் சத்தத்தைப் படின்னு சொன்னீங்களா?"

அந்த அம்மாள் ஒரு தலையணை உறையை மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "எனக்கு ஞாபகமே இல்லையே. அந்த மூணு மாசத்துல நான் எல்லாரையும் திட்டினது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. ஏன்?"

இருந்த ஒரு சாட்சியும் போயிற்று. பகரம் கைப்பையிலிருந்து அந்தப் பக்கத்தின் நகலை எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, எழுத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார்.

"இது எத்தனை வருஷமா இருக்கு?"

"இருபத்திரண்டு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல மனுஷன்." தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

பகரம் மீனவர் கதையையும் சொன்னார். கேட்டு முடித்ததும் அந்த அம்மாள் தாளை நான்காக மடித்தார்.

"எடுத்துடுங்க சம்பந்தி. இல்லாத ஆளைச் சாட்சிக்குக் கூப்பிட்டு எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆனா நீங்க எழுதாதீங்க. அவரே எழுதட்டும்." தாளைத் திருப்பித் தரவில்லை.

அந்தச் சமயம் மகரம் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். மனைவியின் மடியில் இருந்ததைப் பார்த்தார். "படிச்சுட்டியா?" என்றார்.

"படிச்சேன். நாளைக்கு ஆபீஸ்ல போய்ச் சொல்லிடுங்க" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை. "துண்டைக் கொடியில போடுங்க. ஈரம் சொட்டுது."

மறுநாள் மகரம் அரைப் பக்கத்தில் எழுதினார். மனைவிக்குக் கண் தெரியாமல் இருந்ததையெல்லாம் அதில் சேர்க்கவில்லை. இரண்டாவது சாட்சி தன் கற்பனை என்றும், அந்தப் பொருளை நீக்க வேண்டும் என்றும் மட்டும் இருந்தது. தலைமைப் பதிப்பாசிரியர் இரண்டு முறை படித்தார். அன்றைக்கு அவருக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"நீங்க எடுத்த வாய்மொழிச் சீட்டு மொத்தம் எத்தனை?"

"நூத்திப் பன்னிரண்டு."

"அத்தனையும் மறுபடி பார்க்கணும். பார்த்து முடிக்கிற வரைக்கும் நீட்டிப்பைப் பத்திப் பேச்சு இல்ல."

ம வரிசை வேறொருவர் கைக்குப் போனது. மகரம் பழைய சீட்டுகளை ஊர்வாரியாகப் பிரித்துத் தொலைபேசி முன்னால் உட்கார்ந்தார். சிலர் இறந்துபோயிருந்தார்கள், சிலர் வீடு மாறியிருந்தார்கள், சிலர் அவரையே மறந்திருந்தார்கள். ஏழு மாதத்தில் தொண்ணூற்று நான்கு சீட்டுகள் உறுதியாயின. ஆளைக் கண்டுபிடிக்க முடியாதவற்றை அவரே தள்ளிவைத்தார். கற்பனையாகக் கட்டிவிட்டதாக வேறு ஒன்றுகூட அகப்படவில்லை. பகரம் தினமும் மாலையில் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுத்தார். எப்போது மறுபடி ஒன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

கடைசியாக ஒரு சீட்டு மிஞ்சியது. 'பாடு' என்ற சொல். கடலில் ஒரு நாளைக்குக் கிடைக்கிற மீன் என்று பொருள். சொன்னவரிடம் தொலைபேசி இல்லை. மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். பகரமும் கிளம்பினார். மகரத்தின் மனைவி, "நீங்க ரெண்டு பேரும் ஊர் சுத்துவீங்க, நான் மட்டும் சுவத்தைப் பார்த்துட்டு உக்காரணுமா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

படகுத் துறையில் விசாரித்ததும் ஆள் கிடைத்துவிட்டார். தண்ணீரோரம் வலையைப் பரப்பி, கிழிசல்களுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண். மகரம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"பாடுன்னா என்னம்மா?"

"வலையில விழற மீனு. இன்னைக்குப் பாடு இல்லைன்னா, சும்மா திரும்பி வந்தோம்னு அர்த்தம்." அவர் ஊசியை நிறுத்திவிட்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதைக் கேக்கவா பஸ் ஏறி வந்தீங்க?"

"முன்னாடி ஒரு தடவை கேக்காமலே எழுதிட்டேன்" என்றார் மகரம்.

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. மகரம் சீட்டில் தேதியும் இடமும் எழுதினார். தாள் காற்றில் பறக்காமல் அவர் மனைவி ஒரு பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் மகரம் பேனாவை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கையெழுத்தை எந்த இடத்தில் போட வேண்டும் என்று கேட்டார்.