ரோதைமுனியின் நாலாவது கல்

துவக்கையே தொலைத்திருந்தால் சோலைமலை திருடன்மேல் பழியைப் போட்டுத் தப்பியிருப்பான். அவன் தொலைத்ததோ அதன் முன்கட்டையை. நடுவில் மடங்கித் திறக்கும் இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி அது. குழலுக்கு அடியில் இரும்பு நாக்கோடு செருகியிருக்கும் அந்தச் சாண் நீளக் கட்டை இல்லாவிட்டால் குழல் ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். கட்டையை மட்டும் எந்தத் திருடன் எடுப்பான்?

நாடு சுதந்திரமாகி ஏழு வருஷம் கழிந்தும் வட்டவளைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரர்தான் துரை. லீவில் சீமைக்குப் போனவர், பன்றி விரட்டச் சொல்லிக் காவல்காரன் சோலைமலையிடம் துவக்கைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பன்றிகளுக்கு அந்த விவரம் தெரியாது. ஆயுத பூஜையன்று அதைக் கழற்றி, தொழிற்சாலை வாசலில் எந்திரங்களைக் காக்கும் ரோதைமுனிக்கு முன்னால் பரப்பி, துண்டு துண்டாகச் சந்தனம் அப்பிக் கும்பிட்டான். வீட்டுக்கு வந்து சாக்கைக் கொட்டினால் முன்கட்டையைக் காணோம். சாக்கில் ஓட்டை இருந்தது. வழியெல்லாம் தேயிலைத் தூருக்குள் தலையை விட்டுத் தேடினான்.

துரை கார்த்திகையில் வந்துவிடுவார். கட்டை இல்லையென்றால் வேலையும் போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும். 

ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருந்த இப்றாஹிம் நானாவிடம் ஓடினான். நானா குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சைக்கிள் சாமான் இல்லப்பா. அந்தந்தத் துவக்குக்கு அளவெடுத்துச் செஞ்ச கட்டைதான் சேரும். சீமைக்கு எழுதணும், தொரை கையெழுத்து வேணும்."

துரைக்குத் தெரியாமல் வாங்கத்தான் துரையின் கையெழுத்து வேண்டுமாம். நுவரெலியாவிலும் அதே பதில். கடைசியில் பலாக்கட்டை ஒன்றைக் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் தானே செதுக்கினான். பார்வைக்கு அச்சு அசல். துவக்கில் மட்டும் ஏறவில்லை.

மிஞ்சியது முனிதான். கட்டையைக் காட்டிக் கொடுத்தால் சேவல் அறுப்பதாக நேர்ந்துகொண்டு, தினமும் போய்ச் சந்தனம் சாத்தினான். ஒரு மத்தியானம் ஓங்கித் தேங்காய் உடைத்தபோது தண்ணீர் தெறித்து ஓரத்துக் கல்லின் சந்தனம் கரைந்தது. உள்ளே இரும்பு நாக்கு ஒன்று மினுங்கியது.

முனிக்கு எப்போதும் மூன்று கல். பூஜையன்று சந்தனத்தோடு விட்டுப்போன கட்டையை யாரோ கல்லென்று நட்டுவைத்திருந்தார்கள். நாலானதை ஊரில் ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை. சாமியை யார் எண்ணுவார்கள்? முன்கட்டையைக் கொடு என்று மூன்று வாரமாக அவன் கெஞ்சியதே முன்கட்டையிடம்தான்.

சும்மா எடுக்கவும் முடியாது. அதற்குள் அந்த நாலாவது கல்லுக்குத் தனி மவுசு வந்திருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது அதனால்தான் என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். கூடை கூடையாய்ப் பூ வேறு. சோலைமலை வீட்டுக்கு ஓடிப் பலாக்கட்டையை எடுத்து வந்தான். முனிக்குப் பூசாரியான சிவசாமி தொழிற்சாலைக்குள் எந்திர வேலையில் இருந்த நேரம் பார்த்து இதை நட்டு, அதை உருவி, சந்தனத்தை அள்ளி அப்பினான். துவக்கில் சேராத கட்டை சாமிக்குக் கச்சிதமாகச் சேர்ந்தது.

துரை வந்தார். துவக்கை மடக்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவ்வளவுதான். சோலைமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவன் பெண்சாதி பூரணி நேர்த்திக்கடனை மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை சேவலோடு அவனை இழுத்துப்போய் நிறுத்தினாள்.

"அந்த நாலாவது சாமிதாங்க காட்டிக் குடுத்துச்சு. அதுக்கிட்டயே அறுங்க."

அறுத்தான். சுற்றிலும் லயத்துச் சனம் கைகூப்பி நின்றது. சோலைமலையும் கண்ணை இறுக மூடி, தன் கையால் செதுக்கிய பலாக்கட்டையிடம் மனமுருகி வேண்டிக்கொண்டான்: இது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, சாமி.