நாலாவது சத்தியம்

எங்கள் கடையில் அண்ணாமலையார் மேல் ஒரு சத்தியத்தின் விலை, நூறு ரூபாய்ச் சாமானுக்கு ஐந்து ரூபாய். தேரடித் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த என் அப்பா பலராமன், "சாமி மேல சத்தியம், இதான் அசல்" என்பார். சொன்ன கையோடு ஐந்து ரூபாய் குறைப்பார். அடுத்த சத்தியத்தில் அசல் இன்னும் கொஞ்சம் இளைக்கும்.

இதை நான் கண்டுபிடித்தது 1994இல், ஒன்பதாம் வகுப்பில். கணக்கு எடுத்த மணிமொழி டீச்சர் நிகழ்வெண் பாடம் நடத்திவிட்டு, "வீட்டுல, தெருவுல அடிக்கடி நடக்கறது எதுன்னா ஒண்ண எண்ணிக்கினு வாங்க" என்றார். ஒருத்தி கரண்ட் போனதை எண்ணினாள். இன்னொருத்தி செங்கம் பஸ்ஸை எண்ணினாள். நான் ஆறு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் சத்தியங்களை எண்ணினேன்.

சாமான் வாங்கியவர்கள் நாற்பது பேர். ஒரு சத்தியத்தில் மசிந்தவர்கள் ஐந்து, இரண்டில் ஒன்பது, மூன்றில் ஏழு, நாலில் பத்தொன்பது. அதிகம் பேர் விழுந்த எண், அதாவது முகடு, நாலு.

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"அஞ்சு?"

"அஞ்சு கெடையாதுங்க டீச்சர். நாலோட பில்லு போட்டுடுவாரு."

"நோட்டக் குடு. திருத்தித் தரேன்."

சனிக்கிழமை டீச்சரே கடைக்கு வந்தார், பையில் என் நோட்டோடு. தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வேண்டும். சீட்டு எடுத்த பணம் இரண்டாயிரத்து நானூறு, அதற்கு மேல் பைசா இல்லை என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த சேதி. அவர் எடுத்து வைத்த பாத்திரங்களைக் கூட்டி, அப்பா மூவாயிரம் என்றார்.

டீச்சர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாமி மேல சத்தியமா டீச்சர், ரெண்டாயிரத்து எட்நூத்தி அம்பதுதான் அசல்."

டீச்சர் ஒரு விரலை மடக்கினார். அடுத்த சத்தியத்தில் இரண்டாயிரத்து எழுநூறு, இரண்டாவது விரல். அடுத்ததில் இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது, மூன்றாவது.

அப்பா மடங்கிய விரல்களைப் பார்த்தார். பைக்கு வெளியே தலைநீட்டிய நோட்டில் என் பெயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, படிக்க அனுப்புனா கடைக்கே வேட்டு வைக்கிறியா?"

நான் தம்ளர் துடைக்க ஆரம்பித்தேன்.

"இதுக்கு மேல கம்மி இல்லீங்க டீச்சர்" என்று அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"பரவால்லீங்க, ஒக்காந்திருக்கேன்."

அந்த நேரம் பார்த்து, அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து காசியம்மாள் அண்டா வாங்க வந்தாள். பல வருஷத்து வாடிக்கை. அப்பா, "அறநூறு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். யாரிடம் சத்தியம் செய்தாலும் டீச்சரின் நாலாவது விரல் அதைப் பிடித்துக்கொள்ளும் என்ற பயம்.

காசியம்மாள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"இன்னா மொதலாளி, சாமி மேல ஒண்ணும் சொல்லக் காணோம்? அண்டால ஓட்டயா?"

"நல்ல அண்டாம்மா."

"நல்ல அண்டான்னா சத்தியம் பண்ண இன்னா பயம்?" அவள் அண்டாவைத் தட்டினாள். வெயிலுக்கு நேரே தூக்கி உள்ளே பார்த்தாள். "வாணாம்பா. எதுர்க் கடயில பாத்துக்கறேன்."

"நில்லும்மா! சா..."

டீச்சரின் விரல் அசைந்தது. அப்பா மிச்சத்தை விழுங்கினார். காசியம்மாள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

"ரெண்டாயிரத்து நானூறு!" அப்பா டீச்சரிடம் திரும்பினார். "எட்துக்கினு மொதல்ல கெளம்புங்க டீச்சர், புண்ணியமாப் போவுது!"

"சத்தியமாவா?"

"சாமிய ஏங்க நடுவுல இழுக்கறீங்க?"

டீச்சர் பணத்தை எண்ணி வைத்தார். பாத்திர மூட்டை ரிக்‌ஷாவில் ஏறித் தெருமுனை திரும்பும் வரை அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எதிர்க் கடை வாசலுக்கே ஓடி, காசியம்மாளை மறித்து, நாலு சத்தியத்தையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று அவள் நானூற்று எண்பதுக்கு அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

என் நோட்டு டீச்சரோடு போய்விட்டதால், அன்றைய பட்டியலைப் பழைய பில் ஒன்றின் முதுகில் எழுதினேன். காசியம்மாள்: விலை இறங்கியது நாலு முறை, சத்தியம் நாலு. மணிமொழி டீச்சர்: விலை இறங்கியது நாலு முறை, சத்தியம் மூன்று. அப்பா தரவேண்டிய பாக்கி: சத்தியம் ஒன்று.