எந்த ஊர் என்று கேட்டால்

பெரம்பலூரிலிருந்து குன்னம் செல்லும் பேருந்தில், சன்னலோர இருக்கையில் அமர்ந்து, வெற்றிச்செல்வி உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். "லபா தியெனா. மானோ வர்தஸ் வெற்றிச்செல்வி." வணக்கம், என் பெயர் வெற்றிச்செல்வி. இரண்டு மாதங்களாகக் கைப்பேசியை வைத்துக்கொண்டு கற்ற லித்துவேனிய மொழியில் இவ்விரண்டு வாக்கியங்களும் தடுக்கி விழாமல் வந்துவிடும். பக்கத்து இருக்கையில் மடியில் கூடையோடு அமர்ந்திருந்த அம்மாள், வெகுநேரம் அவளுடைய உதட்டையே பார்த்திருந்துவிட்டு, முழங்கையால் மெல்ல இடித்தார்.

"என்னாம்மா, மந்திரமா?"

"இல்லீங்க. வெளிநாட்டு வேலைக்கி இன்னைக்கி இன்டர்வியூ. அந்த ஊரு பாசையில வணக்கம் சொல்லிப் பழகுறேன்."

"வணக்கத்தப் போயி பழகுவாங்களா? கையக் கூப்புனா முடிஞ்சிபோச்சி." அம்மாளுக்குச் சுவாரசியம் பிறந்துவிட்டது. "சரி, நன்றின்னு எப்புடிச் சொல்லுவ?"

"ஆச்சூ."

"தும்முறியா, நன்றி சொல்றியா?"

முன் இருக்கையில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வெற்றிச்செல்வியும் சிரித்தாள். அப்போதுதான் அம்மாள் கேட்டார்: "ஆமா, நீ எந்த ஊரும்மா?"

"பெரம்பலூருங்க."

"பெரம்பலூருன்னா?"

"டவுனுதாங்க."

"டவுனு சரி. சொந்த ஊரு எது?"

வராத அழைப்புக்குக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, வெற்றிச்செல்வி சன்னல் பக்கம் திரும்பினாள். மக்காச்சோள அறுவடை முடிந்த வயல்கள் பின்னோக்கி ஓடின. அம்மாள் மீது அவளுக்குக் கோபம் இல்லை. இப்பகுதியில் ஒருவரை அறிமுகம் செய்துகொள்ளும் முறை அது. பெயர் காத்திருக்கலாம்; முதலில் எந்த ஊர், அடுத்து யார் வீட்டுப் பெண், அதற்கும் அடுத்து எந்தத் தெரு. மூன்றாம் கேள்விக்கு விடை கிடைத்ததும் கேட்டவர் ஒன்று நெருங்கி உட்காருவார், அல்லது ஒரு சாண் விலகி உட்காருவார். விலகுவதை யாரும் வெளிப்படையாகச் செய்வதில்லை. முந்தானையைச் சரிசெய்வது போலவோ கூடையை நகர்த்துவது போலவோ அது நடந்து முடிந்துவிடும். பத்தாம் வகுப்பில் படிக்கும்போது, பள்ளித் தோழியின் வீட்டில், தண்ணீர்ச் செம்பு பாதி வழியிலேயே உள்ளே திரும்பிப் போனதைப் பார்த்த நாள் முதல், அவள் முதல் கேள்வியிலேயே நின்றுகொள்ளக் கற்றுக்கொண்டாள். செவிலியர் கல்லூரி விடுதியிலும், ஆறு ஆண்டுகளாகப் பணிபுரியும் மருத்துவமனையிலும் அவள் பெரம்பலூர்க்காரி. மாவட்டத்தின் பெயரைச் சொல்வது பொய்யாகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இப்போது அந்த விடை யோசிக்காமலேயே வாயில் வந்துவிடுகிறது.

ஆகவேதான், பாடத்தின் மூன்றாம் பகுதியில் "இஷ் கூர் யூஸ்?" என்ற வாக்கியமும், அதன் கீழே "நீங்கள் எந்த ஊர்?" என்ற பொருளும் திரையில் தோன்றியபோது, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கடல் கடந்தாலும் இதே கேள்விதானா? அறையில் உடன் தங்கியிருக்கும் அபிநயா பார்த்துவிட்டு, "இருக்குறதுலயே ஈசியான கேள்விடி இது. இதுக்கு ஏண்டி பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள். விண்ணப்பப் படிவத்தில் சொந்த ஊர் என்ற கட்டத்தில் 'பெரம்பலூர்' என்று எழுதியதும் அந்த வாரத்தில்தான்.

லித்துவேனியாவின் ஒரு சிறு நகரத்தில் உள்ள முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை. அங்கே இருக்கும் முதியவர்களுக்குத் தாய்மொழி அன்றி வேறு மொழி தெரியாது. எனவே வணக்கம் சொல்லவும், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் அவர்கள் மொழியில் தெரிந்திருக்க வேண்டும். மற்றவை ஆங்கிலத்தில் கேட்கப்படும் என்று முகவர் சொல்லியிருந்தார். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். சென்ற ஆண்டு வேறொருவரின் சான்றிதழைக் காட்டி ஒரு பெண் தேர்வாகிவிட்டதால், இம்முறை ஆவணங்களை வரிவரியாக ஒப்பிடுகிறார்கள். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வெற்றிச்செல்விக்கு முப்பது நிறைய நான்கு மாதங்கள் இருந்தன. முன்னரே இரண்டு நாடுகளின் வாய்ப்புகள் கைக்கு எட்டும் தூரத்தில் நழுவியிருந்தன. இது மூன்றாவது, விதிப்படி இதுவே கடைசியும்.

நேர்காணலை வாடகை அறையில், வெள்ளைச் சுவரின் முன்னால் அமர்ந்து முடிப்பதாகத்தான் திட்டம். ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது மணி முதல் நான்கு மணி வரை நகரில் மின்சாரம் இராது என்று முந்தைய நாள் அறிவித்துவிட்டார்கள். நேர்காணல் மூன்று மணிக்கு; மின்சாரம் போனால் அவள் இருக்கும் பகுதியில் சிக்னலும் போய்விடும். "உங்க சொந்தக்காரங்க யாரு வூட்லயாச்சும் கரண்ட்டு இருக்கும்ல? நானும் கூட வரேன், தைரியமா இருக்கும்" என்றாள் அபிநயா. "வேணாண்டி, அங்க ஒரே கூட்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெற்றிச்செல்வி தனியே கிளம்பினாள். மூன்று ஆண்டுகள் ஒரே தட்டில் உண்ட தோழியிடமும் அந்த முதல் விடையைத் தாண்டி அவள் போனதில்லை.

குன்னத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, மருதக்குடிக்காட்டுக் காலனியில் வீட்டு வாசலை மிதித்தபோது மணி ஒன்றரை. அப்பா சிங்காரவேலு மொட்டை மாடியில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார். அவர் கொத்தனார், குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் விளைந்தது அந்தச் சோளம். ஊரில் கைப்பேசிக்குச் சிக்னல் கோடு குறையாமல் கிடைக்கும் இடம் அந்த மாடிதான் என்பதால், அவர் ஒரு மூலையைப் பெருக்கிச் சுத்தம் செய்து, வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை மேலே கொண்டுவந்து போட்டு, நிழலுக்குத் தார்ப்பாயும் கட்டி வைத்திருந்தார்.

"எங்க, ஒருவாட்டி சொல்லிக் காட்டு. போன்ல சொல்லுவியே அந்த மாதிரி."

அவள் சொன்னாள். அவர் சோளத்தைக் காலால் கிளறியபடியே கேட்டார்.

"கொழகொழன்னு சொல்லாம கெட்டியாச் சொல்லும்மா. அது சரி, யூசு யூசுன்னு நடுவுல வருதே, அது என்னா?"

"இஷ் கூர் யூஸ்னா நீங்க எந்த ஊருன்னு கேக்குறது. யூஸ்னா நீங்கன்னு அர்த்தம்ப்பா."

"யாருக்குச் சொல்லணும்?"

"முன்னப் பின்னத் தெரியாதவங்க எல்லாருக்கும். டாக்டருக்கும் அதான், கூட்டிப் பெருக்குறவங்களுக்கும் அதான்."

சிங்காரவேலு கிளறுவதை நிறுத்தினார். "கொத்தனாருக்கு?"

"கொத்தனாருக்கும்தான்."

முப்பது ஆண்டுகளில் ஊர்த்தெருவில் அவர் எழுப்பிய வீடுகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். அவ்வீடுகளில் பிறந்து வளர்ந்து மீசை முளைத்த பிள்ளைகள் இன்றைக்கும் "ஏ சிங்காரம், இங்க வா" என்றுதான் அழைக்கிறார்கள். அவர் மறுபடி சோளத்தைக் கிளறியபடி, "நல்ல பாசையாத்தான் இருக்கும்போல" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாடியின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

சரியாக மூன்று மணிக்குத் திரையில் ஒரு முகம் தோன்றியது. முதியோர் இல்லத்திலிருந்து நேர்காணல் எடுக்கும் அவருக்குத் தையவா என்று பெயர். குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் மூக்குக்கண்ணாடி, பின்னால் ஒரு சன்னல், அதில் இலையுதிர்ந்த மரம்.

"லபா தியெனா, போன்யா சிங்காரவேலு."

போன்யா என்றால் திருமதி, அம்மையார் என்று மரியாதை கூட்டிச் சொல்வது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயரின் இடத்தில் அப்பாவின் பெயர் இருந்ததால் தையவா அவ்வாறே அழைத்தார். மறுகோடியில் சோளம் கிளறும் ஓசை நின்றது. வெற்றிச்செல்வி வணக்கம் சொன்னாள், பெயரைச் சொன்னாள், சந்தித்ததில் மகிழ்ச்சி என்ற, நாக்கைச் சுளுக்க வைக்கும் அந்த நீண்ட வாக்கியத்தையும் ஒருவாறு சொல்லி முடித்தாள். தையவா தலையசைத்தார். கண்ணாடியை அணிந்துகொண்டு, கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"இஷ் கூர் யூஸ்?"

"அஷ் இஷ் பெரம்பலூர்."

நான் பெரம்பலூர். யோசிக்கும் முன்பே வந்து விழுந்த விடை. தையவா உடனே நிமிரவில்லை. தாளைப் புரட்டி இன்னொரு தாளோடு வைத்துப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல் கேட்டார்: விண்ணப்பத்தில் பெரம்பலூர் என்று இருக்கிறது, ஆனால் கடவுச்சீட்டில் பிறந்த இடம், முகவரி இரண்டிலும் வேறு ஊர் இருக்கிறது. அந்தப் பெயரை அவர் 'மருத', 'குடி', 'காடு' என்று மூன்று துண்டுகளாக உடைத்து வாசித்தார். இந்தக் கடவுச்சீட்டு உங்களுடையதுதானே?

வெற்றிச்செல்விக்கு முகவரின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. எழுத்துப் பிழை என்று சொல்லலாம். முகவரின் தவறு என்று சொல்லலாம். குடிபெயர்ந்துவிட்டோம் என்று சொல்லலாம். மூன்று பொய்களும் வரிசையில் வந்து நின்றன. எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டிவரும்.

"நம்ம ஊரு பேரச் சொன்னாங்கல்ல?" பின்னாலிருந்து அப்பாவின் குரல் மெதுவாகக் கேட்டது. ஆங்கிலம் அறியாத அவருக்கு அந்த மூன்று துண்டுகள் மட்டும் புரிந்திருந்தன. அதில் அவருக்கு ஒரே பெருமிதம். "எந்த ஊருன்னுதானம்மா கேக்குறாங்க? சொல்லேன்."

மகள் இத்தனை ஆண்டுகளாக அதைச் சொல்லாமல் இருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. வெற்றிச்செல்வி அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பாள்.

"அஷ் இஷ் கய்மோ" என்றாள். நான் கிராமத்திலிருந்து வருகிறேன். "மருதக்குடிக்காடு." பிறகு ஆங்கிலத்தில், தட்டுத்தடுமாறி, ஆனால் நிறுத்தாமல் சொன்னாள். கடவுச்சீட்டு என்னுடையதுதான். படிவத்தில் எழுதியது என் தவறு. எங்கள் பக்கத்தில் ஊரைச் சொன்னால் அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து நகரத்தின் பெயரைச் சொல்லிப் பழகிவிட்டேன்.

தையவா பேனாவைக் கையில் எடுத்தார். அவர் முகத்திலிருந்து எதையும் கணிக்க முடியவில்லை.

"சரி. நீங்கள் எந்தத் தெரு?"

பதினைந்து ஆண்டுகளாக ஓடி ஒளிந்த கேள்வி, மொட்டை மாடி வெயிலில், அந்நிய மொழியில் வந்து எதிரே நின்றது. வெற்றிச்செல்வி சொன்னாள்: "காலனித் தெரு." முதல் முறையாகத் தன் வாயால், முழுதாக. தையவா குனிந்து அதை எழுதினார். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். ஓரிடத்தில் அடித்துத் திருத்தி, "'ல' ஒன்றா இரண்டா?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றாள் வெற்றிச்செல்வி. அவ்வளவுதான், அவருக்கு அது கடிதம் போய்ச் சேர வேண்டிய முகவரியாக இருந்தது.

அதன்பின் இருபது நிமிடங்கள் படுக்கைப்புண், நீரிழிவு, மறதி நோய் என்று வேலையைப் பற்றிய கேள்விகள். அவை அவளுக்கு நன்கு தெரிந்தவை. இறுதியில் தையவா, படிவத்தைத் திருத்திக் கையொப்பமிட்டு இன்றே அனுப்ப வேண்டும், முடிவு வெள்ளிக்கிழமை தெரியும் என்றார். முரண்பாட்டைக் குறிப்பில் எழுதத்தான் வேண்டியிருக்கும். கூடவே நீங்கள் சொன்ன விளக்கத்தையும் எழுதுவேன் என்றார். அவர் எதையும் உறுதியாகச் சொல்லிவிடவில்லை.

"நடுவில் பேசியது யார்?"

"என் அப்பா."

"அவருக்கு நான் வணக்கம் சொல்லவில்லையே" என்றார் தையவா, தம் பக்கத்தில் ஏதோ பிழை நேர்ந்துவிட்டது போல.

வெற்றிச்செல்வி அழைத்தாள். சிங்காரவேலு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலிக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றார். அவள் எழுந்து, "உக்காருங்கப்பா" என்றாள். "நிக்கிறேம்மா, என்னா இப்ப" என்றவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"லபா தியெனா, போனே சிங்காரவேலு" என்றார் தையவா. போனே என்பது ஆண்களை மரியாதையாக விளிக்கும் சொல். அப்பாவுக்கு அது தெரிய வழியில்லை. ஆயினும் தம் பெயருக்கு முன்னால் ஏதோ ஒன்று வைக்கப்பட்டிருப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"லபா தியெனா!" வயலின் மறுகரையில் இருப்பவரைக் கூப்பிடுவது போல உரத்துச் சொன்னார். தையவா முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தார். பிறகு, பாடம் கேட்கும் ஆசிரியை போல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "இஷ் கூர் யூஸ்?" என்றார்.

யூஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் சிங்காரவேலு மகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவர் சட்டென்று எழுந்து, செங்கல்மேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியை இரு கைகளாலும் எடுத்து, சுவர் கட்டும்போது ரசமட்டத்தைப் பிடிப்பது போலச் சாயாமல் ஏந்தி, கைப்பிடிச் சுவரோரம் கொண்டுபோய்த் தெருப்பக்கம் நீட்டினார்; வெற்றிச்செல்வி எட்டிப் பின்பக்கக் கேமராவுக்கு மாற்றினாள். திரையின் மூலையில், தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள், தண்ணீர்த் தொட்டியும், அடிகுழாயும், வீடுகளும், தார்ச்சாலை நெடுக மஞ்சளாய் விரிந்து காயும் சோளமும் அடங்கின. குடத்தோடு நின்ற பெண்ணொருத்தி அண்ணாந்து பார்த்து, "என்னாண்ணே படம் புடிக்கிற?" என்று கேட்டாள்.

"இதான்" என்றார் சிங்காரவேலு. "இதாங்க எங்க ஊரு."

தையவா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரை முழுவதும் அவர் முகமாகிவிடும் அளவுக்கு நெருங்கி வந்து, பார்த்துக்கொண்டிருந்தார்.