பத்துக்குக் கையெழுத்து இல்லை

நகராட்சியின் கடிதம் செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தது. வெனெதா அதை நின்றுகொண்டே படித்தாள். உட்கார்ந்து படிக்கும் அளவுக்கு அதற்கு மரியாதை தர அவளுக்கு மனமில்லை.

டான்யூப் ஆற்றங்கரை ஊரான கமென் ப்ரோத்தின் படிப்பகத்தில் உள்ள பதினொரு கணினிகளின் இயங்குதளத்துக்கு, அதைச் செய்த நிறுவனம் அடுத்த மாதத்தோடு ஆதரவை நிறுத்துகிறது. புதிய பதிப்பு இந்தப் பழைய கணினிகளில் ஏறாது. ஆகவே அவை பாதுகாப்பற்றவை. ஆகவே இருபத்தாறாம் தேதி மூவர் குழு வந்து பார்த்து, 'பயன்படுத்தத் தகுதியற்றவை' என்று கண்டம் செய்யும். ஆகவே காலியாகும் அறை நகராட்சியின் பொறுப்புக்குத் திரும்பும்.

கடைசி 'ஆகவே'வுக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று அவளுக்கு உடனே புரிந்தது. சதுக்கத்தைச் சுற்றி ஏற்கெனவே நான்கு சூதாட்டக் கூடங்கள் இருந்தன. ஐந்தாவதற்கு இடம் தேடுகிறார்கள் என்று ரொட்டிக் கடை வரிசையில் ஊரே பேசியது. படிப்பகத்தின் கணினி அறை சதுக்கத்தைப் பார்த்த அறை. பெரிய ஜன்னல், தெற்கு வெயில்.

நூலகமும் மேடையும் பாட்டுக்குழுவும் சேர்ந்த அந்தப் படிப்பகம் பிறந்தது 1871இல். நாடு பிறப்பதற்கு ஏழு வருடம் முன்னால். வெனெதா அதன் செயலாளர், நூலகர், குளிர்காலத்தில் அடுப்பு மூட்டுகிறவள், கூரை ஒழுகினால் வாளி வைக்கிறவள். பத்தொன்பது வருடமாக எல்லாம் அவளேதான்.

அவள் வாசலுக்கு வந்தபோது, அங்கே நிற்கும் காப்பி இயந்திரத்தின் வயிற்றைத் திறந்துவைத்து ஸ்பாஸ் உள்ளே கையை விட்டிருந்தார். மாவட்டம் முழுக்க இருநூறு காப்பி இயந்திரங்களை ரிப்பேர் செய்கிறவர் அவர். தன் வீட்டுக் கணினியில் பதினைந்து வருடமாக லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் வைத்திருந்தார். அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், காப்பி ஆறிப்போகும் வரை விடமாட்டார். அதனால் ஊரில் யாரும் கேட்பதில்லை.

வெனெதா கேட்டாள்.

"ஸ்பாஸ் அண்ணே, உங்க அந்த ஓசி சமாசாரம் பழைய கம்ப்யூட்டர்ல ஓடுமா?"

அவர் கையை மெதுவாக வெளியே எடுத்தார். விரலெல்லாம் பால் பொடி.

"ஓசி இல்லம்மா. கட்டற்றது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. என்னன்னா..."

"வித்தியாசத்த அப்புறம் கேக்குறேன். ஓடுமா, ஓடாதா?"

"ஓடுமாவா? நீ அலமாரியில துணி போத்தி வெச்சிருக்கியே, அந்தத் தையல் மெஷின்ல கூட ஓடும்."

"இருபத்தாறாம் தேதிக்குள்ள?"

ஸ்பாஸ் கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் இயந்திரத்தின் கதவை ஓங்கிச் சாத்தினார். உள்ளே இருந்து ஒரு காகிதக் கோப்பை தானாக விழுந்தது.

"எவன்டா எழுதுனது இது?"

"நகராட்சி மிலேவ்."

"அந்த மிலேவா? அவன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பிரிண்ட் வரலைன்னா பிளக்கைப் பிடுங்கி மாட்டச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

முதலில் அவள் தன் வீட்டு மடிக்கணினியில்தான் சோதித்தாள். ஊர்ச் சொத்தில் கை வைக்கும் முன் தன் சொத்தில் வைக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. ஸ்பாஸ் கொடுத்த பென் டிரைவைச் செருகியதும் பச்சை நிறத்தில் ஒரு திரை விரிந்தது. எதையும் அழிக்காமல் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் நிறுவலாம் என்றது. தன் சொந்தக் கணினி தன்னிடம் அனுமதி கேட்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. வழக்கமாக அது கேட்காமலே மூடிக்கொள்ளும், கேட்காமலே புதுப்பித்துக்கொள்ளும். வாடகை வீட்டுக்காரர் சாவி போட்டு உள்ளே வருகிற மாதிரி.

நான்கு மணிக்கு அவள் கணவன் சான்கோ திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தான். காலணியைக் கழற்றாமலே மடிக்கணினியில் பெலோத் சீட்டாட உட்கார்ந்தான்.

"ஏய், என்ன இது? யாரு என் கம்ப்யூட்டருக்குப் பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான்."

"என் சீட்டு எங்க?"

"அங்கேயே இருக்கு. நெட்டுக்குப் போக அந்த நரிப் படத்த அமுக்கு."

அமுக்கினான். சீட்டு வந்தது. வேகமாக வந்துவிட்டதே என்பதுதான் அவனுக்கு எரிச்சல். "முன்னாடியெல்லாம் இது திறக்குறதுக்குள்ள ஒரு ராக்கியா ஊத்திக்குவேன். இப்ப அதுக்கும் நேரமில்ல."

"குடிக்காம ஆடு. ஜெயிப்ப."

"நாளைக்கு இதுல ஏதாவது கோளாறாச்சுன்னா, உன்னையும் அந்தக் காப்பிக்காரனையும் சேர்த்து டான்யூப்ல தள்ளிருவேன்."

மூன்று நாள் ஆடினான். கோளாறு வரவில்லை. நன்றாக இருக்கிறது என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. திட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டான். இருபது வருட இல்லறத்தில் அவள் அவனிடமிருந்து பெற்ற பெரிய பாராட்டுகளில் அதுவும் ஒன்று.

ஆனால் படிப்பகம் அவள் வீடு இல்லை. அங்கே எதை மாற்றினாலும் உறுப்பினர் கூட்டம் கூடி, கை தூக்கி, தீர்மானமாக எழுத வேண்டும். 1871இல் எழுதிய விதி அது. பியானோ வாங்கியபோதும் அப்படித்தான், திரைச்சீலையின் நிறத்துக்கும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். ஸ்பாஸ் மேடையில் இரண்டு கணினிகளை வைத்தார். இரண்டிலும் லினக்ஸ்தான். ஆனால் வேறு வேறு ஆட்கள் தொகுத்தவை. ஒன்று பச்சைத் திரை, ஒன்று ஊதா. கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன, அதன் உள்ளே யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், திருத்தலாம், ஊருக்கே பகிரலாம் என்று இருபத்திரண்டு நிமிடம் பேசினார். பேசிக்கொண்டே இருந்திருப்பார், முன்வரிசையில் இருந்த பாட்டுக்குழுத் தலைவி கினா எழுந்து, "எனக்குப் பச்சை பிடிச்சிருக்கு," என்று சொல்லாவிட்டால்.

அவள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கினா கீழப்பேட்டைக்காரி.

கமென் ப்ரோத்தில் ஆற்றோரம் இருப்பது கீழப்பேட்டை, திராட்சைச் சரிவில் இருப்பது மேலப்பேட்டை. எதற்காக ஆரம்பித்த பகை என்று இரண்டு பேட்டைக்கும் தெரியாது. ஆனால் விடுவதாக இல்லை. மேலப்பேட்டைக்காரர்கள் அதுவரை அந்தத் திரைகளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கினா உட்கார்வதற்குள் அவர்கள் அத்தனை பேருக்கும் ஊதா பிடித்துப்போயிற்று.

"பச்சையாம் பச்சை! பாசி பிடிச்ச தொட்டி மாதிரி இருக்கு," என்றார் பின்வரிசையிலிருந்து தச்சர் வுதோ.

"ஊதா மட்டும் என்னவாம்? அடிபட்ட முட்டி மாதிரி இருக்கு."

"எங்களுது வேகம்!"

"எங்களுது அழகு! ஸ்பாஸ், எது நல்லது, நீயே சொல்லு!"

"ரெண்டுக்கும் உள்ள இருக்கறது ஒண்ணுதாம்மா..."

அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வாக்கெடுப்பில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. வெனெதா மேலப்பேட்டையில் பிறந்து கீழப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பக்கமும் அவளைப் பார்த்தன. தேதி இருபத்தொன்று. கூட்டம் இப்படிக் கலைந்துபோனால் மிலேவ் வந்து அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போவான்.

"ரெண்டையும் போடுவோம்," என்றாள். "ஜன்னல் பக்கம் ஆறு மேசை ஊதா. சுவர்ப் பக்கம் அஞ்சு பச்சை. சரிங்கறவங்க கை தூக்குங்க."

"அவங்களுக்கு மட்டும் ஏன் ஆறு?" என்று கினா கத்தினாள். ஆனாலும் கை தூக்கினாள். எல்லோரும் தூக்கினார்கள். தீர்மானம் எண் நான்கு என்று வெனெதா பதிவேட்டில் எழுதினாள்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் மிலேவ் தொலைபேசியில் வந்தான்.

"வெனெதா அம்மா, ஏதோ கூட்டமெல்லாம் போட்டீங்களாமே?"

"போட்டோம்."

"எதுக்குங்க வீண் வேலை? குழுவுல நீங்களும் ஒரு ஆள். பொருள் யார் பொறுப்புல இருக்கோ அவங்க கையெழுத்தும் வேணும்னு விதி. போட்டுட்டுப் போங்களேன். உங்க பதவி நகராட்சிச் சம்பளப் பட்டியல்லதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

"இதையே ஒரு கடிதமா எழுதி முத்திரை வெச்சு அனுப்புங்க சார். பதிவேட்டுல ஒட்டி வெச்சுக்கிறேன்."

மிலேவ் தொலைபேசியை வைத்துவிட்டான்.

அவளுக்குப் பயம்தான். ஆனால் அந்தப் பயத்தோடேயே போய் முதல் கணினியில் பென் டிரைவைச் செருகினாள். ஸ்பாஸ் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். மாவட்டத்தில் எத்தனையோ பேருக்குக் காப்பி வரவில்லை. கணினிகளின் பின்பக்கம் திறந்து பன்னிரண்டு வருடத் தூசியை ஊதினார்கள். சூரியகாந்தி விதைத் தோல்கள், ஒரு பல் பதிந்த பென்சில், யாருடையதோ ஒரு காதணி. ஒவ்வொன்றாக எழுந்தன. முன்பு கிளம்ப ஏழு நிமிடம் ஆன கணினிகள் முக்கால் நிமிடத்தில் வந்து நின்றன. அவற்றுக்கு வயதாகவில்லை, யாரோ மேலே ஏறி உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் திட்டமிடவில்லை. எந்தப் பேட்டைக் கணினி நன்றாக ஓடுகிறது என்று பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இதுவரை அந்த அறைக்குள் காலே வைக்காதவர்கள். தச்சர் வுதோ தன் நாற்காலிகளின் படங்களை ஊதாவில் ஏற்றினார். கினா பாட்டுக்குழுவின் ஒத்திகையைப் பச்சையில் பதிவுசெய்து, ஸ்பீக்கரை ஊதாப் பக்கம் திருப்பி வைத்துச் சத்தமாக ஓடவிட்டாள். ஸ்பெயினில் இருக்கும் மகனிடம் ஒரு தாய், "நம்ம பச்சையில உன் முகம் தெளிவாத் தெரியுதுடா, அவங்க பக்கம் மங்கல்," என்றாள். இரண்டு பக்கமும் ஒரே ரகக் கேமராதான்.

இருபத்தாறாம் தேதி பத்து மணிக்கு மிலேவ் வந்தான். கூடவே நகராட்சிச் சொத்துப் பிரிவின் தான்யா, கையில் படிவங்களோடு. கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான். அறை நிறைய ஜனம். பத்து நாற்காலிகளில் பத்துப் பேர், ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் தத்தம் பேட்டையின் கூட்டம். ஆறாவது ஊதா மட்டும் இருண்டு கிடந்தது. அன்று காலைதான் அது உள்ளே டப்பென்று வெடித்துக் கருகிய வாசம் விட்டுச் செத்திருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. ஆய்வு நடக்கணும்."

"நடத்துங்க சார், நாங்க தடுக்கல," என்றார் வுதோ, திரையிலிருந்து கண் எடுக்காமல்.

தான்யா முதல் மேசைக்குப் போனாள். படிவத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "சார், இது ஓடுதே. 'தகுதியற்றது'ன்னு எப்படி எழுதுறது?"

"ஆதரவு முடிஞ்ச இயங்குதளம்னு எழுதுங்க."

"அந்த இயங்குதளமே இதுல இல்ல சார்," என்றாள் வெனெதா. "இதுல இருக்கறதுக்கு இன்னும் நாலு வருஷம் ஆதரவு இருக்கு."

"நகராட்சி அனுமதி இல்லாத மென்பொருள் அது!"

அவள் பதிவேட்டைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். "தீர்மானம் எண் நாலு. முப்பத்தெட்டுக் கை. நகராட்சி அனுமதி வேணும்னு விதி எங்க இருக்கு? காட்டுங்க, இப்பவே எல்லாத்தையும் அணைச்சிடறேன்."

மிலேவ் குரலைத் தாழ்த்தினான். "யோசிச்சுக்கங்க. உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் வேலை பாக்கி?"

கினாவின் பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"பதினாலு வருஷம்," என்றாள் வெனெதா. "பேனாவக் குடுங்க."

அவன் முகம் தெளிந்தது. பேனாவைக் கொடுத்தான். அவள் பதினொரு படிவங்களையும் வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கடைசியை எடுத்து, இருண்ட கணினியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இது செத்துப்போச்சு. பொய் சொல்ல மாட்டேன், இதக் கண்டம் பண்ணிக்கங்க. மத்த பத்துக்கும் என் கையெழுத்து கிடையாது. இன்னைக்கும் கிடையாது, நாளைக்கும் கிடையாது."

அதற்குள் கினா கணக்குப் போட்டு முடித்தாள்.

"அஞ்சுக்கு அஞ்சு! இப்ப சமம்டா!"

கீழப்பேட்டை கை தட்டியது. மேலப்பேட்டை, இது சதி, மறுவிசாரணை வேண்டும் என்று கத்தியது. அந்த அமளியில் தான்யா மீதிப் பத்துப் படிவங்களிலும் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக்கொண்டிருந்தாள். மிலேவ் அவளை முறைத்தான். அவள், "ஓடுறத ஓடுதுன்னுதான் சார் எழுத முடியும்," என்றாள். பிறகு வெனெதாவிடம் திரும்பி, "அக்கா, எங்க வீட்டுலயும் பழசு ஒண்ணு கிடக்கு. அதுல ஏறுமா?" என்று கேட்டாள்.

"ஏறும். பச்சையா, ஊதாவா?"

"எதுன்னாலும்..."

"எதுன்னாலும்னு இங்க சொல்லக் கூடாதும்மா," என்றார் ஸ்பாஸ் அவசரமாக.

அப்போதுதான் சான்கோ வந்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, தோட்டத்து மண் அப்பிய காலணியோடு. செத்த கணினியைத் தள்ளிவிட்டு அந்த மேசையில் தன் மடிக்கணினியை வைத்தான். திறந்தான். பச்சைத் திரை விரிந்தது.

"பதினொண்ணு," என்றான். மிலேவைப் பார்த்தான். "இது நகராட்சிச் சொத்து இல்ல, என் சொத்து. இதையும் கண்டம் பண்ணணுமா?"

மிலேவ் படிவங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தான். "இது இதோட முடியாது," என்றான்.

"வாங்க, திறந்துதான் இருக்கும். ஒன்பதுலேருந்து ஆறு வரைக்கும்," என்றாள் வெனெதா.

அவளுக்குப் பின்னால் மேலப்பேட்டை கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கத்து மேசையில், ஊதா வரிசையில், ஒரு பச்சை வந்து உட்கார்ந்திருக்கிறது. வுதோ சான்கோவின் தோளைப் பிடித்தார். சான்கோ அசையவில்லை. நரிப் படத்தை அமுக்கிச் சீட்டைக் கலைக்க ஆரம்பித்திருந்தான்.