இன்னொரு பிள்ளை

"அம்சவேணி, இன்னொரு பிள்ளை கெடச்சிருச்சும்மா!" என்று டாக்டர் சுமித்ரா கம்ப்யூட்டர் திரையை இவள் பக்கம் திருப்பியபோது, மடியில் துவண்டு கிடந்த மகள் யமுனாவை அப்படியே அள்ளிக் கொஞ்சவேண்டும் போலிருந்தது. மலைமேல் அரியூர் நாட்டில் பஸ் ஏறி, எழுபது வளைவும் வாந்தியோடு இறங்கி, நாமக்கல் வந்தது வீண்போகவில்லை.

இரண்டு வயதாகியும் பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை. நாளுக்கு நாலு தடவை வெட்டு வலிப்பு. ஜீனில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, நோவு அதனால்தானா என்று தெரிந்தால்தான் மருந்தை முடிவு செய்யலாம் என்றிருந்தாள் டாக்டர். உலகத்து ஆஸ்பத்திரிகள் பேரை மறைத்து நோயாளிகளின் மரபணு விவரத்தைப் போட்டுவைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று உண்டாம். அதே மாற்றமுள்ள பிள்ளை அதில் அகப்பட்டால் வழி பிறக்குமாம். மூன்று மாதமாக எட்டுக்கை அம்மனிடம் அம்சவேணி கேட்டது அதைத்தான். எவள் பெற்ற பிள்ளைக்காவது இந்த நோவு இருக்கட்டும், தாயே! வேண்டக்கூடாத வேண்டுதல். பாவி வேண்டினாள்.

"யாரு புள்ளைங்க அது?"

"பேரு தரமாட்டாங்க. போட்டவங்களுக்கு எழுதிக் கேட்டேன். பொண்ணு, ஒன்றரை வயசு. உங்க மலைதாம்மா! ஆறு வருசத்துக்கு முன்னால சோளக்காட்டு ஊர்ல நடந்த மருத்துவ முகாம்ல எடுத்த ரத்தம். இடது கால்ல ஆறு விரலாம். அப்புறம் என்னாச்சுன்னு அவங்களுக்கே தெரியல."

குளிப்பாட்டும்போதெல்லாம் அந்த ஆறாவது விரலைப் பிடித்து ஆட்டிச் சிரிக்கவைத்தவள் அம்சவேணிதானே. மூத்தவள் கௌசிகா. முகாமில் ரத்தம் எடுத்துப் போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அந்த ஆடியிலேயே பிள்ளை போய்விட்டது.

முதல் நாளே டாக்டர் கேட்டாள், இதற்கு முன் பிள்ளை ஏதும் தவறியிருக்கிறதா என்று. "இல்லீங்க" என்று வாய் கூசாமல் சொன்னாள். இருக்கிற பிள்ளையின் காதுபட, செத்துப்போன பிள்ளையைப் பற்றிப் பேசினால், போனது வந்து கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது அவள் வீட்டுப் பேச்சு. அந்த ஒரு சொல் மூன்று மாதத்தைத் தின்றுவிட்டது.

"உனக்குத் தெரிஞ்ச பிள்ளையாம்மா? இப்ப எப்படி இருக்கு?" டாக்டர் ஆவலாகப் பேனாவை எடுத்தாள்.

யமுனாவின் கண்கள் மேலே செருகத் தொடங்கின. அம்சவேணி இரண்டு உள்ளங்கைகளாலும் பிள்ளையின் காதுகளைப் பொத்தினாள்.

"எங்கூட்டுப் புள்ளதானுங்க" என்றாள். "மொதப் புள்ள. செத்துப்போச்சுங்க."

வெட்டைக் கண்டு ஓடிவந்த நர்ஸ் பிள்ளையை வாங்கப் பார்த்தாள். எவ்வளவு இழுத்தும் அந்தக் கைகள் காதுகளை விடவில்லை.