பெரிய வியாழன் சாயம்

வினிகர் வாடை மூக்கில் ஏறியதும் இஸ்க்ராவுக்கு விழிப்பு வந்துவிட்டது. ஜன்னலில் வெளுப்பு தட்டியிருந்ததே தவிர விடியவில்லை. அடுப்படியில் மாமியார் பெத்கானா பாத்திரத்தை நகர்த்துகிற சத்தமும், தண்ணீருக்குள் முட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தமும் கேட்டன. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன். சூரியன் எழுமுன் முட்டைக்குச் சிவப்புச் சாயம் போட்டுவிட வேண்டும். கிழவி சொன்னதைச் செய்துவிட்டாள்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் முட்டை சிவக்காது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கு இரண்டு கொண்டுவந்து வைப்பார்கள்; வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆகையால் இந்த வீட்டு அடுப்பில் சாயப் பாத்திரம் ஏறுவதும், பெத்கானா நடுத்தெருவில் நின்று என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று கத்துவதும் ஒன்றுதான்.

ரங்கேல் மார்ச் முதல் தேதி இஸ்க்ராவின் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றைக் கட்டிவிட்டான். எல்லா வருஷமும் கட்டுவதுதான். "மரம் பூத்ததும் அவுத்துக் கிளையில கட்டு. அதுக்கு முன்னாடி கழட்டினே, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று கன்னத்தைக் கிள்ளினான். மறுநாள் காலையில் வலை பார்க்கப் போனான். டான்யூப் மேல் மூடுபனி அடைத்துக் கிடந்தது. படகு மட்டும் நாணலுக்குள் கவிழ்ந்து கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பனி உருகி ஆறு பொங்கி ஓடுகிற காலம். அடித்துக்கொண்டு போனால் கடலில்தான் தேட வேண்டும் என்றார்கள். கொல்லையில் பிளம் மரம் பூத்து, உதிர்ந்து, இலையும் விட்டுவிட்டது. கயிறு அவள் கையிலேயே அழுக்கேறிக் கிடந்தது. கடைக்குப் போனால் பெண்கள் முகத்தைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்த்தார்கள்.

முதலில் பிடிவாதம் பிடித்தவள் இஸ்க்ராதான். கறுப்புத் துணி கட்ட மாட்டேன் என்றாள். கதவில் சாவு அறிவிப்பு ஒட்ட விடவில்லை. "நாப்பதாம் நாளு கோதுமை வேகவச்சுக் குடுக்கலேன்னா அவன் அங்க பசியோட அலைவாண்டி" என்று பெத்கானா அழுதபோது, "பொணத்தைக் காட்டுங்க, அப்புறம் கோதுமை வேகவைக்கலாம்" என்று எடுத்தெறிந்து பேசினாள். பெத்தவளிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் நம்பிக்கை பிடித்துவிட்டால் மனுஷிக்கு வாய் கொழுத்துவிடுகிறது.

போன குருத்து ஞாயிறு எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. பக்கத்து வீட்டு கென்கோ அக்கரைக்கு, ருமேனியாவுக்கு, லாரியில் ஒயின் பீப்பாய் ஏற்றிப் போய்விட்டு வந்தவன், குருத்தோலைக்குப் பதிலாக வாசலில் வில்லோ கிளை செருகிக்கொண்டிருந்த இஸ்க்ராவை வேலிப்பக்கம் கூப்பிட்டான். சந்தையில் ரங்கேலைப் பார்த்தானாம். முதுகைத்தான் பார்த்தானாம். கூப்பிட்டானாம், திரும்பவில்லையாம். பக்கத்தில் ஒரு பொம்பளை. "அந்தத் தோல் காலர் வச்ச கோட்டும்மா. எனக்குத் தெரியாதா அந்தக் கோட்டு?" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி தோன்காவுக்கு நல்ல மனசு, ஓட்டை வாய். பொம்பளையையும் கோட்டையும் விட்டுவிட்டு, ரங்கேல் உயிரோடு இருக்கிறான் என்பதை மட்டும் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்தாள். பெத்கானா அன்றே கோழிக்கூட்டில் முட்டை சேர்க்கத் தொடங்கிவிட்டாள்.

இஸ்க்ரா அதுவரை அவன் அலமாரியைத் தொட்டதில்லை. திறந்தால் அவன் வாசனை வரும் என்று பயம். அன்றைக்குத் திறந்தாள். சட்டைகள் இருந்தன, கல்யாணத்துக்குத் தைத்த கால்சட்டை இருந்தது. கோட்டு தொங்கிய இடம் காலியாக இருந்தது. வலை பார்க்கப் போகிறவன் எவனாவது நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போவானா? படகைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான். கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போயிருக்கிறான். கட்டிலில் உட்கார்ந்தவளுக்கு, செத்துத் தொலைந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. தோன்றியதும் யாரோ கேட்டுவிட்டதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு நாளாக அந்த நினைப்போடுதான் எழுந்தாள், சமைத்தாள், படுத்தாள். கோட்டைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்கம்.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். பெத்கானா பாத்திரத்துக்குள் கரண்டியை விட்டு முதல் முட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். விரல்களெல்லாம் சிவப்பு.

"வா, வா. மூஞ்சியக் காட்டு. மொதோ முட்டைய வீட்டுப் பொண்ணு கன்னத்துல தேய்க்கணும், வருஷம் பூரா நோய் நொடி அண்டாது."

"பாத்திரத்த எறக்குங்க அத்தே."

"ஏன் எறக்கணும்? எம் புள்ள செத்துட்டானா? நீதானே பொணத்தக் காட்டுன்னு நின்னே?"

"சாகல. யாரு செத்தான்னது?" இஸ்க்ராவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அக்கரையில எவகூடவோ சந்தையில சுத்துறாரு உங்க புள்ள. தோல் காலர் கோட்டு மாட்டிக்கிட்டு, மாப்பிள்ள மாதிரி. கென்கோ எங்கிட்ட சொன்னான். அலமாரியத் தொறந்து பாருங்க, கோட்டு இருக்கா அங்க? இதுக்கா முட்டைக்குச் சாயம் போடுறீங்க? ஓடிப்போனவனுக்கா?"

கிழவி சண்டைக்கு வருவாள், தன் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று இஸ்க்ரா காத்திருந்தாள். அவளோ முக்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

"கோட்டையா பாத்தான்? மூஞ்சியப் பாக்கலையா?"

"முதுகுதான் பாத்தானாம்."

"அந்தக் கோட்ட நாந்தாண்டி குடுத்தேன்."

இஸ்க்ராவுக்கு விளங்கவில்லை.

"நாப்பதாம் நாளு. நீதான் விடலையே. ஒனக்குத் தெரியாம கோதுமைய வேகவச்சு, துணியில கட்டிக்கிட்டு, அடுத்த ஊரு கோயிலுக்கு நடந்து போனேன். செத்தவன் உடுப்ப ஒரு ஏழைக்குக் குடுத்தாத்தான் அவனுக்குக் குளிராதும்பாங்க. திராட்சைத் தோட்டத்து வேலைக்கு வந்த அக்கரைக்காரன் ஒருத்தன் பொண்டாட்டியோட படியில உக்காந்திருந்தான். நல்ல ஒசரம். இவன மாதிரியே தோளு. அந்தத் தோளப் பாத்துத்தான் குடுத்தேன்." கிழவி நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப கென்கோ பாத்தது அவனத்தானா?"

அது கேள்வியில்லை. இஸ்க்ராவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட, நெஞ்சு நிறைந்த சந்தோஷம். அவன் ஓடிப்போகவில்லை. அவளை விட்டுவிட்டு எவளிடமும் போகவில்லை. கன்னத்தைக் கிள்ளிய கை பொய் சொல்லவில்லை. என் புருஷன், என் புருஷன் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்புறம்தான் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். நாலு நாளாக முட்டை சேர்த்த அந்த முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப்போயிருந்தது. அதோடு சேர்ந்து ரங்கேலும் ஆற்றுக்குள் இறங்கினான், இந்தத் தடவை நிஜமாகவே.

முட்டைகளை யாரும் வெளியே எடுக்கவில்லை. தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. இரண்டு மூன்று வெடித்து, வெள்ளை பிதுங்கி, அதுவும் சிவந்துபோனது. பெத்கானா கரண்டியிலிருந்த முதல் முட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். தொட முடியாத சூடு. அவள் அதை உணர்ந்ததாகவே தெரியவில்லை.

"பெத்கானாக்கா! இஸ்க்ரா!" வேலிக்கு அப்பாலிருந்து தோன்காவின் குரல். "என்னடி, மாமியாரும் மருமகளும் இன்னும் தூக்கமா? எங்க வீட்ல சாயம் சரியாப் புடிக்கல, கொஞ்சம் வினிகர் இருந்தாக் குடேன்!"

இஸ்க்ரா கொல்லைக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். சூரியன் ஆற்றுக்கு மேல் வந்துவிட்டிருந்தது. பிளம் மரத்தடியில் பனித்துளி காலை நனைத்தது. தோன்கா வேலியில் சாய்ந்து, முழங்கைவரை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"வாடை இங்க வரைக்கும் தூக்குது. எத்தன போட்டீங்க? ரங்கேலுக்குப் பெருசா ஒண்ணு எடுத்து வையி, வந்து எல்லார் முட்டையையும் மோதி ஒடைக்கட்டும், போன வருஷம் மாதிரி."

இஸ்க்ரா மணிக்கட்டுக் கயிற்றின் முடிச்சைத் தேடினாள். இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"நாங்க போடலக்கா," என்றாள். "இந்த வருஷம் எங்க வீட்டுல முட்டை இல்ல."

அவளுக்குப் பின்னால், அடுப்படியிலிருந்து, பெத்கானாவின் ஒப்பாரி கிளம்பியது. தோன்காவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு அவள் வேலிமேல் வைத்திருந்த கைகளை, மணிக்கட்டுவரை சிவந்திருந்த இரண்டு கைகளையும், மெல்ல எடுத்து ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டாள்.